ஒதுங்கியவரும் ஒதுக்கியவரும்



கம்பைநல்லூரிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் சென்ற திங்கள் என் கைக்கு வந்து சேர்ந்தது. எட்டாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகளுக்குத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்களாம். பிறரோடு கூடாமல் தனித்திருக்கும் மனிதரையோ விலங்கையோ குறிப்பதற்கேற்ற அடைமொழி ஒன்றை எழுதி, அதனை ஒரு வாக்கியத்தில் அமைத்துக் காட்ட வேண்டும் என்பதே அப்பயிற்சி. இரவு உணவுக்குப்பின் வீட்டார் அனைவரும் விடை தேட அமர்ந்திருக்கின்றனர். 'ஒட்டாத' என்று எழுதச் சொன்னாராம் பாட்டியார். 'தலைக்கனம் பிடித்த' என்று எழுது, அதுதான் பொருத்தம் என்றாராம் தந்தையார். தாயாருக்கோ 'கூச்சமுள்ள' என்பதே சரியெனப் பட்டது. சிறுமி ஒருவர் பேச்சையும் கேளாமல் 'ஒற்றை' என்று எழுதி, 'ஒற்றை யானை எங்கள் ஊர்ப்பக்கம் வந்தது' என்று வாக்கியத்தையும் முடித்துவிட்டாளாம். "ஒரே வீட்டில் நால்வரும் நான்கு சொல் சொன்னோம், எது சரி என்று தாங்கள்தாம் எழுத வேண்டும்" என்று கேட்டிருக்கிறார் அத்தாயார்.

சின்னஞ்சிறு கேள்விதான். ஒரு வரியில் விடை எழுதி அனுப்பியிருக்கலாம். எழுதவும் அமர்ந்தேன். ஆனால் அந்த நான்கு சொற்களையும் காகிதத்தில் வரிசையாக எழுதிப் பார்த்தபோது, அவற்றுள் ஒன்றை நானே ஓர் அம்மையார் மீது பல ஆண்டுகள் ஏற்றி வைத்திருந்தது நினைவுக்கு வந்து, பேனா நின்றுவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நம் மொழியில் இதற்கென உள்ள சரக்கைப் பார்ப்போம். ஒட்டாதவன், அண்டாதவன், சேராதவன், பழகாதவன், முகங்கொடாதவன் என்று ஒரு வரிசை. அழுத்தக்காரன், உம்மணாமூஞ்சி, சிடுமூஞ்சி என்று இன்னொரு வரிசை. தனிக்கட்டை, ஒண்டிக்கட்டை என்பவை மூன்றாவது. முதல் வரிசையிலுள்ள சொற்கள் யாவும் எதிர்மறைச் சொற்கள் என்பதைக் கவனியுங்கள். அம்மனிதன் என்ன செய்கிறான் என்பதை அவை சொல்வதில்லை. நமக்கு என்ன செய்யவில்லை என்பதையே சொல்கின்றன. அவன் தன் வீட்டில் அமர்ந்து புத்தகம் படிக்கலாம், நோயுற்ற மனைவிக்குக் கஞ்சி காய்ச்சலாம், செபமாலை சொல்லலாம். அதெல்லாம் நம் கணக்கில் வருவதில்லை. நம்மோடு ஒட்டவில்லை, ஆகவே அவன் ஒட்டாதவன். இரண்டாம் வரிசையோ நேரே முகத்தைப் பற்றிக்கொண்டு பேசுகிறது.

மூன்றாம் வரிசையில் உள்ள 'ஒண்டி' என்ற சொல் வேடிக்கையானது. 'ஒண்டியாய் வந்தான்' என்றால் தனியாக வந்தான் என்று பொருள். 'மழைக்கு ஒண்டி நின்றான்' என்றால் ஒரு சுவரையோ கூரையையோ அண்டி நின்றான் என்று பொருள். 'ஒண்டுக்குடித்தனம்' என்றாலோ, ஒரு வீட்டுக்குள் நான்கு குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்வது. அங்கே ஒருவன் ஒண்டியாய் இருக்க நினைத்தாலும் இயலாது. ஒரே ஓசை தனிமையையும் தருகிறது, தஞ்சத்தையும் தருகிறது. இவை ஒரே வேரில் பிறந்தவையா என்று மொழியறிஞர் ஆராயட்டும். காதுக்கு இனிமையாயிருக்கிறது, அவ்வளவே.

விலங்குகளுக்கும் இத்தகைய பட்டங்கள் சூட்டுவதில் நாம் சளைத்தவர்களல்லர். கூட்டத்தில் வாய் திறவாத பிள்ளையைப் பார்த்து 'தேவாங்கு மாதிரி விழிக்கிறான்' என்கிறோம். அந்தத் தேவாங்கைத் திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் இரவெல்லாம் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. இரவில் அது தனித்துத்தான் பூச்சி தேடித் திரிகிறது. பொழுது புலரும்போது தன்னினத்தார் சிலரோடு ஒரே முட்புதரில் சேர்ந்து, ஒன்றையொன்று அணைத்தபடி உறங்குகிறது. வேலைக்குத் தனியாகச் சென்று வீட்டுக்குத் திரும்பும் எந்தக் குடும்பத்தலைவனும் இதைத்தானே செய்கிறான்? அந்தத் தேவாங்குகளுக்கென்றே கடவூர்க் காடுகளில் 2022-ஆம் ஆண்டு தமிழக அரசு ஒரு சரணாலயம் அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதற்சரணாலயம் அது.

இனிச் சிறுமியின் விடைக்கு வருவோம். 'ஒற்றை யானை' என்று அவள் எழுதியது புத்தகத்தில் படித்து எழுதியதன்று. 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள், ஒரு சனிக்கிழமை காலை, கம்பைநல்லூரை அடுத்த கெலவள்ளிப் பகுதியில் ஓர் ஆண் யானை இறந்தது. அவ்வூர் யானைகள் அன்றாடம் வந்து போகும் காட்டோரத்து ஊரன்று. வழி தவறி வயல்வெளிகளுக்குள் வந்துவிட்ட அந்த யானையைக் காட்டை நோக்கித் திருப்பிவிட வனத்துறையினர் முயன்று கொண்டிருந்தனர். வயல்களைக் கடந்து ஓர் ஏரிக்கரை மேட்டில் அது ஏறியது. மேலே சென்ற உயரழுத்த மின்கம்பி, மேட்டின் மீது ஏறி நின்ற யானையின் உயரத்துக்கு எட்டுவதாயிருந்தது. உடலில் பட்டதும் அங்கேயே சரிந்தது. சுற்றி நின்றோர் எடுத்த படங்கள் அன்றே நாடெங்கும் பரவின. அப்போது இச்சிறுமிக்கு வயது பத்தோ பதினொன்றோ இருந்திருக்கும். அவ்வயதில் பார்த்த காட்சிக்கு அவள் சூட்டிய பெயர்தான் அந்த 'ஒற்றை'.

அதற்குப் பதினொரு நாள் முன்னர்தான், மார்ச்சு 7-ஆம் நாள், அதே தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்கச் சட்டத்துக்கு மாறாக மின்சாரம் பாய்ச்சியிருந்த வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டிருந்தன. உடன்வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. அவை கூட்டமாய் வந்தவை. இது தனியாய் வந்தது. மின்சாரத்துக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. நமக்கு மட்டும் தெரிந்தது. கூட்டமாய் இறந்தவற்றைக் குறித்து 'ஐயோ, குட்டிகள்!' என்று இரங்கிய வாய்களே, தனியாய் இறந்ததைக் குறித்து 'ஒற்றை யானை அல்லவா? ஆபத்தானதுதான்' என்றும் சொல்லின. என் செவியாலேயே கேட்டேன்.

ஒற்றை யானை ஏன் ஒற்றையாய் இருக்கிறது? யானைக்கூட்டம் என்பது தாய்வழிக் குடும்பம். மூத்த பெண் யானை வழிநடத்த, அவள் மக்களும் உடன்பிறந்தாரும் பேரக்குழந்தைகளுமாய்ச் சேர்ந்து வாழ்வர். பெண் கன்றுகள் வளர்ந்தபின்னும் அங்கேயே இருக்கும். ஆண் கன்று பத்து, பதினைந்து வயதுக்குள் குடும்பத்தை விட்டுப் பிரிந்துவிடும். சில வேளைகளில் மூத்த பெண் யானைகளே அதனை அப்புறப்படுத்திவிடும். ஒரே குடும்பத்துக்குள் இணை சேராதிருக்க இயற்கை வகுத்த ஒழுங்கு அது. ஆகவே வளர்ந்த ஆண் யானை தனித்துத் திரிவது அதன் குணக்கேடன்று. அதன் பிறப்பு முறைமை. நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர் போலும். புலி, பன்றி, யானை முதலியவற்றின் ஆணுக்கு 'ஒருத்தல்' என்ற பெயர் வழங்கும் எனத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. அச்சொல்லுக்குள் 'ஒரு' என்பது ஒலிப்பதைக் கேளுங்கள். அதிலே பழியில்லை.

பழியைப் பிற்காலத்தார் சேர்த்தனர். 1859-இல் இலங்கையைப் பற்றிப் பெருநூல் எழுதிய எமர்சன் டென்னன்ட் என்ற ஆங்கில அதிகாரி, கூட்டத்தை விட்டுத் தனித்துத் திரியும் யானையைச் சிங்களர் 'ஹொரா' என்று அழைப்பதாகக் குறித்திருக்கிறார். அதற்குத் 'திருடன்' என்று பொருள். ஆங்கிலேயர் அதே யானையை 'ரோக்' என்றனர். போக்கிரி என்று பொருள். தருமபுரி, ஒசூர்க் காடுகளில் துப்பாக்கியோடு அலைந்து, தம் வேட்டைக் கதைகளால் புகழ்பெற்ற கென்னத் ஆண்டர்சன் 1954-இல் வெளியிட்ட முதல் நூலின் தலைப்பிலேயே ஒன்பது ஆட்கொல்லிகளோடு பத்தாவதாக ஒரு 'ரோக்' இடம்பெற்றிருக்கிறது. அந்நூலில் வரும் யானை மனிதரைக் கொன்றதுதான், நான் மறுக்கவில்லை. காட்டோரத்து உழவன் இரவெல்லாம் பரண்மீது கண்விழித்துக் காத்த கேழ்வரகை ஒரே இரவில் இழப்பதும், சில வேளைகளில் உயிரையே இழப்பதும் கண்கூடு. ஆயினும், ஒரு யானை செய்த கொலைக்கு அதன் தனிமையே சான்று என்பது எவ்வகை வழக்கு? இந்தத் தலைகீழ் வழக்கைத்தான் அச்சொல் நம் நாவில் ஏற்றிவிட்டது.

அன்பர்களே, இன்னும் ஒரு செய்தி கேளுங்கள். இதைப் படித்த அன்று நான் மெய்யாகவே வியந்தேன். தென்னிந்தியாவில் 23 திங்கள் காலம், ஆண் யானைகளைப் படமெடுத்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. நிஷாந்த் சீனிவாசையா என்பவரும் உடனுழைத்தோரும் செய்தது. 1,445 படப் பதிவுகள். அவற்றில் தனித்தனியே அடையாளங் கண்ட ஆண் யானைகள் 248. காட்டுக்குள் இருக்கும்போது அவை தனித்தோ, பெண் யானைகளின் கூட்டத்தோடு கலந்தோ திரிந்தன. காடு துண்டு துண்டாய்ச் சிதறி, வயலும் சாலையும் ஊரும் குறுக்கிட்ட இடங்களிலோ, ஆண் யானைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நீண்டகாலம் பிரியாத கூட்டங்களாய் வாழத் தொடங்கியிருந்தன. இப்படி ஆண்களே கூடி நிலையான குழுக்களாய் வாழ்வது புதிய வழக்கம் என்கின்றனர் ஆய்வாளர். இதன் பொருள் என்ன? அச்சமில்லாத இடத்தில் தனித்திருந்தவை, அச்சம் மிகுந்த இடத்தில் துணை தேடிக்கொண்டன. கூட்டத்தை வெறுப்பது அவற்றின் இயல்பு என்று நாம் எழுதிவைத்த அடைமொழியை அவையே அடித்துவிட்டன.

தனித்து நிற்கும் யானை உண்மையில் தனித்துத்தான் நிற்கிறதா என்பதும் ஐயமே. 1984-ஆம் ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்டு நகர விலங்குக்காட்சிச்சாலையில், கேட்டி பெய்ன் என்ற அம்மையார் யானைகளின் அருகே சில நாள் அமர்ந்து கவனித்தார். ஓசையொன்றும் கேட்கவில்லை, ஆனால் காற்றில் ஏதோ அதிர்வதை உடலால் உணர்ந்தார். ஊர் திரும்பும் வழியில் அவருக்குத் தம் இளமைக்கால நினைவு வந்தது. கோவிற்பாடகர் குழுவில் அவர் நின்று பாடியபோது, ஆர்கனின் மிகப் பெரிய குழாயிலிருந்து மிகத் தாழ்ந்த சுரம் எழுந்தால், காதுக்குக் கேளாமல் நெஞ்சிலே அதிருமாம். அதே அதிர்வு! பதிவுக் கருவிகளோடு திரும்பிச் சென்று ஆராய்ந்தபோது, மனிதர் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியால் யானைகள் தம்முள் பேசிக்கொள்வது தெரிய வந்தது. அவ்வொலி சில கிலோமீட்டர் தொலைவுக்குச் செல்லும். நாம் 'ஒற்றை' என்று பெயரிட்டு நிற்க, அது அப்பாலுள்ள காட்டோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

அதே 2023-இல் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட மக்னா யானை ஒன்றையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொம்பில்லா ஆண் யானையை மக்னா என்பர். பிப்ரவரித் தொடக்கத்தில் பாலக்கோட்டுப் பக்கம் அதனைப் பிடித்து, ஆனைமலைக் காட்டில் கொண்டுபோய் விட்டனர். அதுவோ அக்காட்டில் தங்காமல் பொள்ளாச்சியைக் கடந்து கோவையின் புறநகர் வரை நடந்து வந்துவிட்டது. அத்திங்களிலேயே மீண்டும் பிடித்தனர், மீண்டும் விட்டனர், அவ்வாண்டு நடுவில் மறுபடியும் பிடிக்க வேண்டியதாயிற்று. செய்திகளில் அதற்கு 'அடங்காத' என்ற அடைமொழி வந்தது. தன் ஊரினின்று பெயர்த்து, முகமறியாத இடத்தில் இறக்கிவிடப்பட்ட ஒருவன் நடக்கத் தொடங்கினால் அவனுக்கு நாம் என்ன அடைமொழி தருவோம்?

இங்கே ஓர் இலக்கணக் குறிப்பு. பள்ளியில் பயிலும் பிள்ளைகள் வீட்டிலிருந்தால் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தமிழில் தன்வினை, பிறவினை என்று இரண்டுண்டு. தானே திருந்தினால் திருந்துதல். பிறரைத் திருந்தச் செய்தால் திருத்துதல். தானே அடங்கினால் அடங்குதல். பிறரை அடங்கச் செய்தால் அடக்குதல். நடுவே நிற்கும் மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறுவதொன்றே வேறுபாடு. அவ்வாறே, தானே விலகி நின்றால் ஒதுங்குதல். பிறரை விலக்கி நிறுத்தினால் ஒதுக்குதல். 'ங்' என்பது 'க்' ஆகிறது, வேறொன்றும் மாறவில்லை. ஒருவர் தெருவோரத்தில் தனியாய் நிற்பதைத் தொலைவிலிருந்து காணும் நமக்கு, அவர் ஒதுங்கினாரா, யாரேனும் ஒதுக்கினாரா என்பது தெரியாது. இரண்டிலும் அவர் நிற்கும் இடம் ஒன்றே.

நம் திருச்சபை வரலாற்றிலேயே இதற்குக் கல்லால் கட்டிய சான்று ஒன்றுண்டு. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம், சாதிக்கொரு பக்கமாய் மக்கள் பிரிந்து நிற்கும்படி, நடுவே சுவரோடு இரு கால்களாய்ப் பிரிந்த வடிவில் கட்டப்பட்டது. 1910-இல்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததற்காக வழக்கும் நடந்தது. சுவருக்கு அப்பால் நின்றவர்களைப் பற்றி, 'அவர்கள் நம்மோடு கலப்பதில்லை, தனியாகவே நிற்பார்கள்' என்று இப்பால் நின்றவர்கள் பேசியிருப்பார்களா, மாட்டார்களா? இன்று சுவர் இல்லாத ஆலயங்களிலும் சிலர் வாயிற்படி ஓரத்தில் நின்றே திருப்பலி கண்டு, நற்கருணை ஆசீர் முடியுமுன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவதைப் பார்க்கிறோம். அவர்களைப் பற்றி வாய்க்கு வந்த அடைமொழியைச் சொல்லுமுன், அவர்கள் வீட்டுச் சாவுக்கு யார் யார் போனார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பது நன்று.

இனி நான் முன்னே சொன்ன அம்மையாரின் கதை. எங்கள் தெருக்கோடியில் இருப்பவர், கணவரை இழந்தவர், புளி உரித்துக் கொட்டை நீக்கிக் கொடுத்து அதில் வரும் கூலியில் பேரனைப் படிக்க வைப்பவர். தொடக்கத்தில் எங்கள் அன்பியக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் விவிலியப் பகிர்வின்போது, கூட்டத்தை நடத்தியவர் அவரைப் பார்த்து ஒன்று கேட்க, அவர் எழுந்து முற்றிலும் வேறொன்றுக்கு விடை சொன்னார். எல்லோரும் சிரித்தோம். ஆம், சிரித்தவர்களுள் நானும் ஒருவன். நகைச்சுவை என்றுதான் அன்று எண்ணினேன். அதன்பின் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. ஆலயத்திலும் கடைசித் தூணருகே நிற்பார். யாரேனும் பேச அருகில் வந்தால் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். 'முகங்கொடாத அம்மாள்' என்று ஒரு பெயர் அவருக்கு ஏற்பட்டது. அதை ஏற்படுத்தியதில் என் பங்கு சிறிதன்று. ஊர்ப் பெரியவர் ஒருவரிடமும், பங்குத்தந்தையிடமும் நானே அச்சொல்லைச் சொல்லியிருக்கிறேன். இப்படி ஆறேழு ஆண்டுகள் கழிந்தன.

ஒருநாள் அன்பியத்துச் சந்தாப் பணம் கேட்க அவர் வீட்டுக்குச் செல்ல நேர்ந்தது. திண்ணையில் அமர்ந்து, சுத்தியலால் புளியங்காயைத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வலப்புறம் நின்று "அம்மா" என்று அழைத்தேன். திரும்பவில்லை. சற்று உரக்க அழைத்தேன். திரும்பவில்லை. மூன்றாம் முறையும் அழைத்து, அவர் கை ஓயாமல் தட்டிக்கொண்டேயிருப்பதைக் கண்டு, 'எவ்வளவு திமிர்!' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே படியிறங்கினேன். அவ்வேளை பள்ளியிலிருந்து வந்த பேரன், என்னைப் பார்த்து வணங்கிவிட்டு, நேரே சென்று பாட்டியின் தோளைத் தொட்டான். அவர் திடுக்கிட்டு எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க தம்பி, எப்ப வந்தீங்க? பார்க்கலையே" என்றார். பேசும்போது முகத்தைச் சற்றே வலப்புறம் திருப்பி, இடக்காதை என் பக்கம் கொண்டுவந்ததை அன்றுதான் கவனித்தேன்.

"வலது காது போய்ப் பல வருசம் ஆச்சு தம்பி. இதிலேயும் பாதிதான் கேட்கும். கூட்டத்திலே நாலு பேர் பேசினா எல்லாம் ஒண்ணாக் கலந்து இரைச்சலாத்தான் கேட்கும். எதையாவது தப்பாச் சொல்லி, எல்லாரும் சிரிச்சு... எதுக்கு? அதான் வர்றதில்லே" என்றார். குரலில் குறை கூறும் தொனி சிறிதுமில்லை. நான் அங்கே நின்றவன்தான். சந்தாவைக் கேட்க நா எழவில்லை. அவரே உள்ளே சென்று எண்ணி எடுத்துவந்து தந்தார். நிலுவை ஒரு பைசாவும் இல்லை.

காதில் குறையுள்ளோர் கூட்டத்தை விட்டு மெல்ல மெல்ல விலகிப்போவது உலகெங்கும் மருத்துவர்கள் காணும் வழக்கம் என்று பின்னர் அறிந்தேன். கண் தெரியாதவருக்கு வழிவிடும் நாம், காது கேளாதவரைப் பார்த்து நகைக்கிறோம். காதென்று மட்டும் இல்லை. கடனைத் திருப்ப முடியாதவர் கூட்டத்தை விட்டு விலகுவார். குடிகாரக் கணவன் முன்னாள் இரவு தெருவில் விழுந்து கிடந்தால், மறுநாள் அவன் மனைவி விலகுவாள். மகள் சொல்லாமல் மணம் செய்துகொண்டு போன வீட்டார் விலகுவர். நாம் அவர்களைக் கேட்கமாட்டோமா என்ன? கேட்போம்; அதற்குத்தானே அவர்கள் அஞ்சுகிறார்கள்.

அப்படியென்றால் தாமாகவே தனிமையை விரும்பி ஏற்போர் ஒருவருமில்லையா என்று வாசகர் கேட்கலாம். உண்டு. நாம் பொங்கலை ஒட்டி விழாக் கொண்டாடும் வனத்து அந்தோணியார் அத்தகையவர். எகிப்தில் மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த அப்புனிதர், பாழடைந்த கோட்டையொன்றுக்குள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனித்திருந்தார். இறுதியில் அன்பர்கள் கதவைப் பெயர்த்துத் திறந்தபோது, மெலிந்து வெறிபிடித்த மனிதன் ஒருவன் வருவான் என்று எதிர்பார்த்தவர்கள் முன், உடல்நலமும் அமைதியும் உடையவராய் வெளியே வந்தார் என்று அத்தனாசியார் எழுதிவைத்திருக்கிறார். நோயாளிகளும் துயருற்றோரும் அவரைத் தேடி வந்தனர்; அவரும் விரட்டவில்லை. துறவிக்குக் கிரேக்க மொழியில் 'மோனக்கோஸ்' என்று பெயர் வந்தது. 'தனியன்' என்று பொருள். திருச்சபை அச்சொல்லை ஒரு மதிப்புப் பெயராக்கி, மடங்கள்தோறும் எழுதி வைத்தது.

அவரைவிட மூத்த தனியர் வனத்துச் சின்னப்பர். எரோணிமுசார் எழுதிய வரலாற்றின்படி, கலாபனைக் காலத்தில் காட்டுக்குள் சென்ற அவர் 113 வயது வரை அங்கேயே இருந்தார். நாள்தோறும் ஒரு காகம் பாதி அப்பம் கொண்டுவந்து கொடுக்குமாம். முதியவரான அந்தோணியார் அவரைத் தேடிச் சென்ற அன்று, காகம் முழு அப்பத்தைக் கொண்டுவந்து இட்டது. இரு தனியர்களும் யார் முதலில் பிட்பது என்று மாலைவரை ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்துவிட்டு, முடிவில் ஆளுக்கொரு பக்கமாய்ப் பற்றி இழுத்துப் பிட்டு உண்டனர் என்கிறது அவ்வரலாறு. மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொன்னால் அந்தக் காட்சியில்தான் கலகலவென்று சிரிப்பார்கள். இவர்களைப் போன்றோர் உலகில் ஆயிரத்தில் ஒருவர். நம் தெருவில் தனித்திருப்பவர் அத்தனை பேரும் வனத்துச் சின்னப்பரல்லர்.

ஆகவே, கம்பைநல்லூர்த் தாயாருக்கு என் விடை இது. 'ஒட்டாத' என்பது பாட்டியார் தம் அனுபவத்தில் சொன்னது. அதில் குற்றமில்லை, ஆனால் அது நம் பக்கத்து வழக்கை மட்டும் சொல்கிறது. 'தலைக்கனம் பிடித்த' என்பது அடைமொழியன்று, தீர்ப்பு, தந்தையார் பொறுத்தருள்க. 'கூச்சமுள்ள' என்பது இரக்கத்தோடு கூறியது. ஆயினும் அதுவும் உள்ளத்தைத் திறந்து பார்த்தவர் சொல்ல வேண்டிய சொல். மகள் எழுதிய 'ஒற்றை' எண்ணைச் சொல்கிறது, பழியைச் சொல்லவில்லை. அந்த அளவில் அவளே நால்வரில் மேல். ஆனால் பயிற்சி, கூட்டத்தை விலக்கும் தன்மையைக் கேட்கிறது, எண்ணைக் கேட்கவில்லை. அதற்கு, 'தனித்துத் திரியும்' என்றோ 'ஒதுங்கி வாழும்' என்றோ எழுதச் சொல்லுங்கள். இவை பெயரெச்சங்கள். பண்பைக் குறிக்கும் சொல் ஆளின்மீது ஆணியடித்தாற்போல் நின்றுவிடும், அதற்குக் காலமில்லை. பெயரெச்சமோ வினையிலிருந்து பிறந்தது, காலம் காட்டும். 'ஒதுங்கிய அம்மையார்' என்றால், எப்போது ஒதுங்கினார், எதனால் ஒதுங்கினார் என்று அடுத்த கேள்வி தானே எழும். 'ஒதுங்கியிருந்த' என்றும் ஒரு நாள் எழுதலாம். தமிழ் நமக்கு இந்த வசதியைத் தந்திருக்கிறது.

அவள் எழுதிய வாக்கியத்தை மட்டும் மாற்ற வேண்டாம். 'தனித்துத் திரியும் யானை எங்கள் ஊர்ப்பக்கம் வந்தது' என்று சொல்லை மட்டும் மாற்றினால் போதும்.

அன்பியக் கூட்டத்தில் இப்போது அந்த அம்மையாருக்குச் சுவரோரம் வலக்கோடியில் பாயில் இடம் விட்டிருக்கிறோம். வலக்காது சுவர்ப்பக்கமும் இடக்காது எங்கள் பக்கமும் இருக்கும். ஒருவர் பின் ஒருவராகவே பேச வேண்டும் என்றும் ஏற்பாடு. முதல் இரண்டு கூட்டங்களில் அவர் வாய் திறக்கவில்லை. சென்ற கூட்டத்தில் நான் பாட்டின் எண்ணை அறிவித்துவிட்டுப் பாட எழுந்தபோது, "தம்பி, நீங்க சொன்ன எண்ணு கிறிஸ்துமஸ் பாட்டு" என்றார் அம்மையார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். தவக்காலத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை அது. எல்லோரும் சிரித்தார்கள்.